அணையில் வைப்பதா, ஆற்றில் விடுவதா, குளத்தில் நிறைப்பதா?

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். "குடிக்க இத்திரி வெள்ளம் தாருங்க" என்பார்கள். அதே சொல்லின் இன்னொரு பொருளை 2021 நவம்பரில் குழித்துறையில் நின்று பார்த்தேன். ஆற்றைக் கடக்கும் தாழ்வான சப்பாத்துப் பாலம் இருந்த இடமே தெரியவில்லை. செம்மண்ணைக் கரைத்த நிறத்தில், குலை தள்ளிய வாழைகளைச் சுழற்றிக்கொண்டு ஆறு போனது. ஏப்ரலில் அதே இடத்துக்குப் போனால் பாறைகளுக்கு நடுவே பாசி பிடித்த தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ஓட்டம் இருக்கிறதா என்று அறிய ஒரு இலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் மழை மட்டும் காரணம் இல்லை. மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் ஷட்டரை எப்போது, எவ்வளவு திறக்கிறோம் என்பதும் காரணம். எங்கள் குளத்துப் பாசனக்காரர்கள் அடுத்த அணை திறப்புக்கு முன் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு கோரிக்கை மனு கொடுக்க இருக்கிறோம். "என்ன கேட்பது?" என்று பேச உட்கார்ந்தபோது நாலு பேர் நாலு வழி சொன்னார்கள். நாலிலும் நியாயம் இருந்தது. அவற்றை எழுத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் கையிருப்புக் கணக்கு. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1906இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. நீர்மட்ட உயரம் 48 அடி, கொள்ளளவு 4,350 மில்லியன் கனஅடி. 1950களின் தொடக்கத்தில் வந்தது பெருஞ்சாணி. அது 77 அடி, 2,890 மில்லியன் கனஅடி. சிற்றாறு அணைகள் இரண்டும் 18 அடி வீதம். கோதையாறு பாசனத் திட்டத்துக்கு ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை, வினாடிக்கு 850 கனஅடிக்கு மிகாமல், தேவைக்கேற்பத் தண்ணீர் திறப்பது வழக்கம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 79,000 ஏக்கர்.

850 கனஅடி என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 73 மில்லியன் கனஅடி. இரண்டு பெரிய அணைகளும் நிறைந்திருந்து, ஒரு சொட்டுகூட வரத்து இல்லை என்றால், மொத்த இருப்பும் 98 நாளில் தீர்ந்துவிடும். பாசனப் பருவமோ 273 நாள். ஆக, நம் அணைகள் ஒரே ஆண்டுக்குள் இரண்டு மூன்று முறை நிறைந்து வடிந்தால்தான் கணக்குச் சரியாகும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் பெய்கிற மாவட்டம் என்பதால் அது நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச முடியும்.

இப்போதுள்ளபடியே விட்டுவிடலாம் என்கிற வழி

ஜூன் 1இல் திறப்பு என்பது நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு நாள்காட்டி மாதிரி. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அந்தத் தேதியை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. அறுப்பு முடிந்து இரண்டாம் போகமான கும்பப்பூ, அதற்கு பிப்ரவரி கடைசி வரை தண்ணீர். தேதி நிச்சயமாக இருந்தால் விதைநெல், உழவு டிராக்டர், கூலி எல்லாவற்றையும் முன்கூட்டி ஏற்பாடு செய்யலாம். திறப்பு பத்து நாள் தள்ளிப்போனாலே அறுப்பு வடகிழக்கு மழையில் மாட்டிக்கொள்ளும். இந்த நிச்சயத்தை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அணையை முடிந்தவரை நிறைத்தே வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டை வயலில் கடந்தவர்களிடம் "அணையில் கொஞ்சம் இடம் விட்டு வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

ஆனால் இந்த முறையின் இரண்டு முனைகளும் கிழிந்திருக்கின்றன. ஒரு முனை நவம்பர். பேச்சிப்பாறையில் 42 அடியைத் தாண்டினால் முதல் வெள்ள எச்சரிக்கை. அதுவரை சேர்த்துக்கொண்டே போய், வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்ததும் அவசரமாகத் திறக்க நேர்கிறது. மறுமுனை மார்ச் முதல் மே வரை. சானல் என்கிற பாசனக் கால்வாய் அடைபட்டால் கீழே ஆற்றுக்குக் கிடைப்பது கசிவும் கோடை மழையும்தான்.

இன்னொன்று கடைவரம்பு, அதாவது சானலின் கடைசிப் பகுதி. எங்கள் மடைக்குத் தண்ணீர் வருகிற இரவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தண்ணீருக்கு முன்னால் அதன் சத்தம் வரும். காய்ந்த சருகு சிமென்ட் தரையில் உரசிக்கொண்டு நகர்கிற சத்தம். டார்ச் அடித்தால் முதலில் தெரிவது அழுக்கு நுரை. அதன் முதுகில் பிளாஸ்டிக் பாட்டில், கருக்குத் தொண்டு (இளநீர் மட்டை), ஒற்றைச் செருப்பு, குழந்தைகளுக்குக் கட்டும் பேம்பர்ஸ். மடைக் கம்பியில் அவையெல்லாம் அடைத்துக்கொள்ள, ரெண்டு பேர் மண்வெட்டியால் வாரி வாரிக் கரையில் போட்ட பிறகுதான் தண்ணீர் உள்ளே நுழையும். போன தடவை அப்படி நின்றபோது, எண்பதைத் தொடும் ஒரு பெரியவர் கரையில் குந்தியிருந்தார்.

"மக்ளே, இது ரெண்டு நாளுல நிண்ணுரும். வயலுக்கு விடாத. குளத்துக்குத் திருப்பு."

"வயல் வெடிச்சுக் கெடக்கே தாத்தா?"

"வயலுக்கு விட்டா இண்ணைக்கு ஒரு நனைப்பு. குளத்துக்கு விட்டா மாசி வரைக்கும் நமக்குப் பேச்சிருக்கு."

அவர் சொன்னது போலவே மூன்றாம் நாள் தண்ணீர் நின்றுவிட்டது. சானல் தொடங்கும் தலைப்பகுதியில் 850 கனஅடி என்று எழுதப்படுவதும் கடைவரம்பில் நாம் காண்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

வெள்ளத்துக்கு இடம் விட்டு வைப்பது

இரண்டாவது வழி, அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பேச்சிப்பாறையை 42 அடிக்கும் நன்றாகக் கீழே, 38 அல்லது 40 அடியில் நிறுத்தி வைப்பது. அணை மேலே போகப் போக அகலும். ஆகவே மேல் அடிகள் ஒவ்வொன்றும் அடி மட்டத்து அடியைவிட அதிகத் தண்ணீர் கொள்ளும். எட்டு அடி காலியாக இருந்தால் முதல் நாள் மழையைப் பெரும்பாலும் உள்ளேயே வாங்கிக்கொள்ளலாம். ஒக்கி புயல் 2017 நவம்பர் 30. அடுத்த பெருவெள்ளம் 2021 நவம்பர். அதற்கடுத்து தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை 2023 டிசம்பர் 17, 18. தேதிகள் எல்லாம் ஒரே ஒன்றரை மாதத்துக்குள் வருகின்றன.

வெள்ளம் என்றால் அது ஏறுவதை மட்டும் பேசுகிறோம். இறங்குவதும் கெடுதல்தான். கோதையாறும் பரளியாறும் சேருகிற மூவாற்றுமுகத்துக்குக் கீழே ஆற்றங்கரைத் தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டால், கரை இடிவது பெரும்பாலும் வெள்ளம் வடிந்த மறுநாள் என்பார்கள். காரணம் எளிது. இரண்டு மூன்று நாள் நிறைந்து ஓடியதில் கரை மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதுவரை ஆற்றுத் தண்ணீரே அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். மேலே ஷட்டரைச் சட்டென்று அடைத்தால் அந்தத் தாங்கல் ஒரே இரவில் போய்விடும். கனத்த மண் தென்னையோடு சரியும். படிப்படியாகத் திறந்து படிப்படியாக அடைப்பதற்குப் பணம் எதுவும் செலவில்லை. நாலு வழிகளில் எதை எடுத்தாலும் இது ஒன்றை நான் மனுவில் சேர்ப்பேன்.

இந்த வழியின் ஆபத்து 2016 போன்ற ஆண்டுதான். அக்டோபரில் காலி செய்துவிட்டு நவம்பர் ஏமாற்றினால் கும்பப்பூ போய்விடும், ஜூனில் திறக்கவும் இருப்பு இருக்காது. அணைகள் புனரமைப்புத் திட்டத்தில் பேச்சிப்பாறைக்குக் கூடுதல் உபரிநீர்ப் போக்கி கட்டியிருக்கிறார்கள். அது அணைக்குப் பாதுகாப்பு. கீழே இருக்கும் வீட்டுக்கு அதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அணைக்குக் கீழே ரப்பர் சரிவுகளில் பெய்கிற மழையை எந்த அணையும் பிடிக்கப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆற்றுக்கு ஆண்டு முழுவதும் ஒரு பங்கு

மூன்றாவது வழியைச் சொன்னவர் கூட்டத்தில் ஒரே ஒருவர், கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். "ஆற்றுக்குன்னு ஒரு பங்கு எழுதி வையுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் கேட்டது நாட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஆறுகளில் கோடைக்கால சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்குச் சொன்னது. 2018இல் கங்கையின் மேற்பகுதிக்கு மத்திய அரசு மாதவாரியாகவே அளவு அறிவித்தது: நவம்பர் முதல் மார்ச் வரை 20, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம். கங்கைக்கு ஒரு அளவு உண்டென்றால் கோதையாற்றுக்கும் ஒன்றை யோசிப்பதில் தவறில்லை.

எவ்வளவு தண்ணீர் போகும்? ஒரு பேச்சுக்கு மார்ச் முதல் மே வரை 90 நாள், வினாடிக்கு 50 கனஅடி என்று வைப்போம். மொத்தம் சுமார் 389 மில்லியன் கனஅடி வருகிறது. இரண்டு பெரிய அணைகளின் கொள்ளளவில் ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவு. முழுப் பாசனத் திறப்பில் ஐந்தேகால் நாள் தண்ணீர். பெரிய தொகைதான், ஆனால் நினைத்துப் பயந்த அளவு பெரியதில்லை.

அதனால் பயன்பெறுவோர் பலர். திற்பரப்பு அருவிக்கு வரும் கோடைக்காலப் பயணிகளும் அங்கே கடை வைத்திருப்பவர்களும் ஒரு பக்கம். ஆற்றுமணலில் உறைகிணறு போட்டுக் குடிநீர் எடுக்கும் ஊர்கள் இன்னொரு பக்கம். ஓட்டம் நின்றால் அந்தக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும். கீழே, ஆறு கடலில் கலக்கிற தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலிருந்து கடல்நீர் மேலேறும். அதைத் தடுக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை. தடுப்பணை உப்பைத் தடுக்கும், ஆனால் மேலிருந்து நல்ல தண்ணீர் வராவிட்டால் அதற்குப் பின்னால் தேங்குவது அழுக்குதான். பொழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் போக்குவரத்தாக வாழும் மீன்களுக்கு ஓட்டம்தான் வழி. கடலில் போய்ச் சேருவது வீண் என்கிற பேச்சை நாம் விட வேண்டும். நன்னீரும் உப்புநீரும் கலக்கிற இடத்தில்தான் பல மீன்களும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன. அது கரையோரக் குடும்பங்களின் சோறு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஜூன் கணக்கு. கேரளத்தில் தென்மேற்கு மழை தொடங்கும் இயல்பான தேதியும் ஜூன் 1, நம் அணை திறக்கும் தேதியும் ஜூன் 1. மழை தாமதமானால் மே மாத மீதியை வைத்துத்தான் கன்னிப்பூவுக்குத் தண்ணீர் தர முடியும். அந்த மீதியில் கை வைப்பதாக விவசாயி நினைப்பது இயல்பு. நெல்லை மாவட்ட ராதாபுரம் கால்வாய்க்கும் இதே தொகுப்பிலிருந்துதான் தண்ணீர் போகிறது. புதிதாக ஒரு பங்காளி என்றால் அங்கேயும் கேள்வி எழும்.

இங்கே ஒரு விஷயம் நாகர்கோவில் கூட்டங்களில் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு, 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும். அவை விடும் தண்ணீர் பேச்சிப்பாறைக்குத்தான் வருகிறது. ஆக, மின்வாரியம் கோடையில் எந்த நாளில் விடுகிறது என்பதையும் அணையிலிருந்து ஆற்றுக்கு விடுவதையும் ஒரே தாளில் எழுதினால், அதே தண்ணீர் முதலில் மின்சாரமும் பிறகு ஆற்றோட்டமும் ஆகும். அந்தத் தாளில் மலையில் வாழும் காணி பழங்குடி மக்களுக்கும் ஒரு வரி வேண்டும். மின்நிலையத் தண்ணீர் பெருகினால் குற்றியாறு தரைப்பாலம் மூழ்கி, அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் துண்டாகிவிடும். நீர்ப்பிடிப்பின் மறுகரையில் உள்ளவர்களோ படகை நம்பியிருக்கிறார்கள். மட்டம் இறங்க இறங்கப் படகு ஒதுங்கும் இடம் சேறாகிறது. அணை கட்டியதில் நிலத்தையும் வழியையும் இழந்தவர்கள் அவர்கள். ஷட்டர் திறக்கும் தகவல் திற்பரப்புக்குப் போகும் நேரத்திலேயே அவர்களுக்கும் போக வேண்டும்.

குளங்களை முதலில் நிறைப்பது

நாலாவது, அந்தப் பெரியவர் சொன்ன வழி. குமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் என்று பிரிந்து குளம் குளமாக இறங்குகிறது. தென்மேற்கு மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஆகஸ்ட், செப்டம்பரில் அணையில் வரத்து இருக்கும். அப்போதே குளங்களைக் கடைவரம்பிலிருந்து மேல்நோக்கி நிறைத்துக்கொண்டு வந்தால், அக்டோபரில் அணையில் தானாகவே இடம் விழும். இரண்டாவது வழியில் பயந்தோமே, காலி செய்த தண்ணீர் போய்விடும் என்று. இங்கே அது போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. வடகிழக்கு ஏமாற்றினாலும் கும்பப்பூவுக்குப் பாதித் தண்ணீர் வயலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஊற்றுக் கிணறுகளும் ஏறும். பிப்ரவரி வரை சானலை முழு அளவில் ஓட்ட வேண்டிய தேவை குறையும். அப்படி மிச்சமாகும் தண்ணீரில்தான் மூன்றாவது வழிக்காரர் கேட்ட ஆற்றின் பங்கு இருக்கிறது.

ஏலாவில் (வயல்வெளியில்) நெல் குறைந்து வாழையும் தென்னையும் வந்துவிட்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. நெல்லின் குறைவு எனக்குத் துக்கம்தான், ஆனால் உண்மை அது. வாழைக்கு வயலில் தேக்கிய தண்ணீர் வேண்டாம், முறை வைத்து நனைத்தால் போதும்.

சுற்றுச்சூழல் பக்கமும் இதில் பெரிது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டும் மனிதர் வெட்டி, மனிதர் தண்ணீர் விட்டு வளர்த்த குளங்கள். பாசனத்துக்காக விட்ட தண்ணீரில்தான் கூழைக்கடாவும் நாமக்கோழியும் வந்து இறங்குகின்றன. ஆனால் பறவைக்கும் பாசனத்துக்கும் எப்போதும் ஒரே மட்டம் ஒத்துவராது. விளிம்பு வரை நிறைந்த குளம் வாத்துக்கும் நாமக்கோழிக்கும் நல்லது. சேற்றைக் கிளறித் தின்னும் நீண்ட கால் பறவைகளுக்கு ஓரத்தில் ஒரு சாண் தண்ணீர் வேண்டும். ஜனவரிக்குப் பிறகு பாசனத்துக்கு எடுக்க எடுக்கக் குளம் மெதுவாக வற்றினால் அந்த ஓரம் இயல்பாகவே கிடைக்கும். மீன்பாசிக் குத்தகைக்காக (குளத்து மீனைப் பிடிக்கும் குத்தகை) ஒரே வாரத்தில் மடையைத் திறந்து வடித்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. தாமரை குளம் முழுவதும் பரவினாலும் அதே கதைதான். திறந்த நீர்ப்பரப்பே இல்லாமல் போகும்.

தடைகள் இல்லாமல் இல்லை. சானலில் மண்ணும் குப்பையும் பாதி ஆழத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. முழு அளவு விட்டால் எங்காவது கரை உடையும். தலைப்பகுதியில் இருப்பவர்கள் முறைப்பாசனத்துக்கு எளிதில் இசையமாட்டார்கள். குளத்துக்குள்ளேயே தென்னை வைத்தவர்கள் குளம் பெருகுவதை விரும்பமாட்டார்கள். குத்தகைக்காரருக்கு நஷ்டம் வரும். தொகையைக் குறைத்துக் கொடுத்தால்தான் அவர் மடையை விட்டுக் கையை எடுப்பார். இதையெல்லாம் சொல்லாமல் நாலாவது வழியை மட்டும் புகழ்ந்தால் அது நேர்மையாகாது.

என்றாலும் என் தேர்வு நாலாவதுதான். இரண்டாவதையும் மூன்றாவதையும் அதன் தோளில் ஏற்றலாம்; தனியாக விட்டால் அவை நிற்கா. மனுவின் வரைவில் நான் எழுதியிருப்பது இப்படி. ஜூன் 1 தேதி மாறக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களிலேயே கடைவரம்பிலிருந்து சானல் தூர்வார வேண்டும். தண்ணீர் வந்த பிறகு தூர்வாருவது கூடாது. செப்டம்பர் 15 அன்று இரு அணைகளிலும் பாதிக்கு மேல் இருப்பு இருந்தால், குளங்களை நிறைத்து அக்டோபருக்குள் பேச்சிப்பாறையை 40 அடிக்குக் கொண்டுவர வேண்டும். பாதிக்குக் குறைவென்றால் இடம் விடவேண்டாம், அந்த ஆண்டு பழைய முறையே இருக்கட்டும். டிசம்பர் 15க்குப் பிறகு அணையை நிறைத்துக்கொள்ளலாம். மார்ச் 1 அன்று உள்ள இருப்பில் குடிநீரையும் ஜூன் திறப்பையும் ஒதுக்கிய பிறகு, ஆற்றுக்கு ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். அளவை நிபுணர்கள் அளந்து சொல்லட்டும், ஆனால் எழுதப்பட வேண்டும். திறப்பதும் அடைப்பதும் படிப்படியாக, பகலில்.

வரைவை வாசித்துக் காட்டியபோது பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குளத்துல எவ்வளவு நிக்குதுண்ணு ஆருக்குத் தெரியும்?" எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அணையில் எத்தனை அடி என்று தினமும் பத்திரிகையில் வருகிறது, வீட்டு வாசலில் இருக்கும் குளத்துக்கு அளவே இல்லை. மடைக்கல்லில் அடிக்கோடு போட ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது தண்ணீர் கீழே கிடக்கிறது, அடிவரை இறங்கி எழுத இதுதான் சமயம்.